ஆவணி முடிவதற்குள்

2 செப்டம்பர் 1983, வெள்ளி

விடிந்ததிலிருந்து மழை. தோட்டத்து லயத்துப் பக்கம் வாய்க்கால் நிரம்பி வழிகிறது. ஆபீஸ் கூரை மறுபடி ஒழுகல். மானேஜரிடம் சொன்னால், பெரிய கிராணியிடம் சொல் என்கிறான். அந்தத் தலைமை எழுத்தர் நாற்காலி எனக்கு வந்திருக்க வேண்டியது. அதைப் பற்றி இனி எழுதுவதில்லை. (போன வாரமும் இப்படித்தான் எழுதினேன்.)

வாங்க: மண்ணெண்ணெய், சவரக்கத்தி, கோமதிக்கு இருமல் மருந்து.

மாலை புக்கிட் ரோத்தான் கடைத்தெருவில் அண்ணன். லோரியிலிருந்து இறங்கவில்லை. "என்னடா தம்பி, என் மகளுக்குத் தையில கல்யாணம், பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு. ஒன் மக மூத்தவளாச்சே, இன்னும் டீச்சர் படிப்பு, மக்தாப்புன்னு ஒக்காந்திருக்கா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆறாம் வகுப்போடு நின்றவர். இன்று லோரி முதலாளி, கோயில் தலைவர். நான் சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவன். நானும் சிரித்து வைத்தேன். மருந்து வாங்க மறந்துபோயிற்று.

4 செப்., ஞாயிறு

வெயில். ராவாங்கிலிருந்து, கோமதிக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்தார். பையன் அங்கே தொழிற்சாலையில் சூப்பர்வைசர். குறை சொல்ல ஒன்றுமில்லை. தாய்மாமன்தான் உட்கார மாட்டேன் என்கிறார். தேநீரை நின்றபடியே குடித்தார்.

"ஆவணிக்குள்ள பரிசம் போட்டுடணும் கிராணி. புரட்டாசியில ஒண்ணும் பேச முடியாது லா. ஐப்பசியில கல்யாணம். பத்தாங் காலியிலயும் ஒரு பொண்ணு இருக்கு, ஒங்களுக்காகத்தான் நிறுத்தி வச்சிருக்கோம். ஒண்ணு மட்டும்: மக்தாப்பு கிக்தாப்பு வேணாம்."

ஐப்பசி. அண்ணனின் தைக்கு முன்னால். மனம் முதலில் கணக்குப் போட்டது அதைத்தான்.

கோமதி இப்போது தோட்டப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. ஆசிரியர் பயிற்சிக்கு மக்தாப் கல்லூரி நேர்காணலுக்குப் போய் வந்தாள், முடிவு வரவில்லை.

"முடிவு வரட்டும்பா. கிடைக்கலன்னா நீங்க சொல்ற எடத்துல கட்டிக்கிறேன்."

"எப்ப வரும்?"

"வர்றப்ப வரும்."

கத்தினேன். சரசு அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "புள்ளகிட்ட ஏன் கத்துறீங்க? வெள்ளிக்கெழம மாரியம்மாகிட்ட பூ கேட்டுடுவோம். அவ சொல்றபடி நடக்கட்டும்." மகள் உடனே சரி என்றாள். நானும் சரி என்றேன்.

9 செப்., வெள்ளி

வானம் மப்பு. மாரியம்மன் கோயிலில் கூட்டமில்லை. இரண்டு வெற்றிலைப் பொட்டலம், ஒன்றை மகள் எடுப்பாள்: வெள்ளைப் பூ வந்தால் நடத்து, சிவப்பு வந்தால் பொறு. பூசாரிக்குக் கையெல்லாம் விளக்கெண்ணெய். "கிராணி, நீங்களே வெத்தலையில மடிச்சுக் குடுத்துடுங்க. படிச்ச கை."

தூணுக்குப் பின்னால் போய் மடித்தேன். இரண்டு வெற்றிலையிலும் நந்தியாவட்டை. சிவப்பு இட்லிப்பூ சட்டைப் பையில்.

அந்த நேரத்தில் கை தானாகச் செய்துவிட்டது என்று எழுதலாம். பொய். காலையில் செடியருகே நின்றபோதே வெள்ளையில் ஒன்று கூடுதலாகப் பறித்தேன்.

கோமதி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். உதடு அசைந்தது. எடுத்துப் பிரித்தாள். சரசு கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். மகள் முகம் ஒரு கணம் விழுந்தது; பிறகு தெளிந்துவிட்டது. "சரிப்பா. அம்மா சொல்லிட்டா." அவ்வளவுதான். ஒரு முணுமுணுப்பு இல்லை.

எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை. பூசாரி அதை வாய்க்காலில் விட்டார். யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன், அவள் சன்னிதியிலேயே நின்றுகொண்டு!

வரும் வியாழன் பரிசம்.

10 செப்., சனி

மதியம் கஞ்சி மட்டும்.

மாலை கோமதி ஒரு கடிதத்தோடு வந்தாள். மக்தாப்புக்கு. தனக்கு இடம் வேண்டாமாம். "எனக்குன்னு ஒண்ணு வச்சிருந்தா வேற யாருக்காவது குடுக்கட்டும்பா. மலாய் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க." பார்த்தேன். ஒரு சொல்லைத் திருத்தவும் செய்தேன். திங்கட்கிழமை தபாலில் போடுவாளாம். நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

திருத்திக் கொடுத்தேனே. எப்படிப்பட்டவன் நான்?

11 செப்., ஞாயிறு

அண்ணன் வந்தார், அண்ணியும், ஒரு சீப்பு பிசாங் மாஸ் வாழைப்பழமும். சரசு சொல்லியனுப்பியிருக்கிறாள். என் தோளைப் பிடித்து உலுக்கினார். "மூத்த புள்ளைக்கு மொதல்ல ஆவட்டும்டா. எனக்கு அதான் கொறையா இருந்துச்சு. பரிசத்துக்கு ரெண்டு லோரியும் எடுத்துக்க." கண் கலங்கியிருந்தது. நடிப்பா என்று உற்றுப் பார்த்தேன். நடிப்பில்லை.

இத்தனை ஆண்டுகளாக நான் மட்டும் ஓடிக்கொண்டிருந்த பந்தயம். அவர் ஓடவேயில்லை.

பரிசத்துக்கு: தேங்காய், வெற்றிலை, பாக்கு. வெற்றிலை என்று எழுதியதும் கை நின்றுவிட்டது.

சரசு கேட்டாள், "ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க? அம்மாவே உத்தரவு குடுத்துட்டாளே." இவளிடம் எப்படிச் சொல்வது? பயந்தேன். அம்மனிடம் இல்லாத பயம்.

12 செப்., திங்கள்

தூறல். பள்ளிக்குக் கிளம்பியவளைச் சைக்கிளோடு தாழ்வாரத்தில் நிறுத்தினேன். கடிதம் அவள் பையில். சொல்லிவிட்டேன். இரண்டிலும் வெள்ளை, வைத்தவன் நான்.

சைக்கிள் இருக்கையிலிருந்த ஈரத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

"அப்ப அம்மா இன்னும் ஒண்ணும் சொல்லல."

"இல்ல."

"நீங்கதான் சொன்னீங்க."

"ஆமா."

"அன்னிக்கு எனக்கு அழுகையா வந்துச்சுப்பா. அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அடக்கிக்கிட்டேன்."

திட்டியிருக்கலாம். பெரியப்பா பெயரைச் சொல்லிக் காட்டியிருக்கலாம். கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தாள்.

"அவ சொல்றப்ப சொல்லட்டும். எனக்கு அவசரமில்ல. மறுபடி பூ கேக்க வேணாம், அது ஒண்ணுதான்."

ராவாங்குக்கு நானே போய், பரிசம் வேண்டாம் என்று பேசிவிட்டு வருகிறேன் என்றேன். தலையாட்டினாள். சைக்கிளில் ஏறி, சாலை திருப்பம் வரை போனவள் காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தாள்.

"பொண்ணு படிக்கணும்னு அடம் புடிக்குதுன்னு மட்டும் அங்க சொல்லிடாதீங்கப்பா."

அதைத்தான் சொல்வதாக இருந்தேன்.