மாட்டின் இரண்டாவது கண்

மச்சான்,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். பாகூருக்கு இண்டர்நெட்டைக் கொண்டுவந்தவனே நான்தான் என்பது உனக்குத் தெரியும். மற்றவர்கள்தான் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்று காலை போனைத் துடைக்கும்போது அதன் முதுகில் உன் கட்டைவிரல் அச்சு தட்டுப்பட்டது. பச்சை எனாமல் பெயின்ட். "இன்னாடா, எப்பப் பாத்தாலும் மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கினே இருக்க" என்று நீ போனைப் பிடுங்கியபோது ஒட்டியது. டர்பன்டைன் தொட்டால் போய்விடும். தொடவில்லை.

கரும்பு டிரெய்லரின் பின்பலகையில் மாடு வரைந்துகொண்டிருந்தவன் நீ. அதே மாட்டைச் சின்னப் பலகையில் வரைய வைத்து, நெட்டில் ஒரு பக்கம் திறந்து ஏற்றியவன் நான். முடிந்த படத்தைப் போட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கொம்பு கோணலாகிவிட்டதென்று நீ துணியால் அழித்து, என்னையும் சேர்த்துத் திட்டியதை வீடியோவாகப் போட்டேன். உலகமே பார்த்தது. ஜப்பானில்கூடப் பார்த்தார்கள். சரி, சென்னையில் பார்த்தார்கள். பலகைகளும் விற்க ஆரம்பித்தன. "படத்த வுட்டுட்டு என் வாயப் பாக்கறானுங்களேடா" என்று நீ குழம்பினாய். எனக்கும் புரியவில்லை. எல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டினேன்.

நீ போன மறுநாள், மாலை போட்ட உன் போட்டோவை அதே பக்கத்தில் ஏற்றினேன். வாங்கியவர்களுக்குச் சொல்ல வேண்டாமா? "என்ன ஒரு தத்ரூபம்!" என்று ஒருவர் எழுதினார். "பூவெல்லாம் நிஜப் பூ மாதிரியே இருக்கு, என்ன விலை?" என்று இன்னொருவர். அங்கே இருப்பதெல்லாம் ஓவியம்தானே, அவர்களை எப்படிக் குறை சொல்வது? விற்பனைக்கு இல்லை என்றேன். "அடுத்தது எப்போ வரைவார்?" என்றார்கள். செத்தவன் செத்துவிட்டான் என்று நெட்டுக்கு எப்படிப் புரியவைப்பது? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

பிறகு உன் வீட்டம்மா என்னைக் கூப்பிட்டாள். நீ கண்ணை எப்போதும் கடைசியில்தானே வைப்பாய். அந்தக் கடைசிப் பலகையில் ஒரு கண் வைத்துவிட்டு, மறு கண் வைப்பதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாய்.

"அண்ணா, அந்த மாடு ஒத்தக் கண்ணால என்னையே பாக்குது. வூட்ல வெச்சிக்க முடியல. நல்லவங்க யாருக்காச்சும் குடுத்துடு. ஆனா வேற எவன் பிரஷ்ஷும் அதும்மேல படக் கூடாது."

ஏற்றினேன். வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வி: "இன்னொரு கண் எங்கே, வரைந்து தருவீர்களா?" மாட்டேன் என்றதும் நகர்ந்துவிட்டார்கள். யோசித்துப் பார்த்து, நீ கடைசியாகச் சொன்னதை எழுதிப் போட்டேன்: "ஒரு கண்ண நான் தொறந்துட்டேன். இன்னொண்ணு, பாத்துக்கினே இருந்தா அதுவாத் தொறக்கும்."

அவ்வளவுதான் மச்சான். கோயம்புத்தூரில் ஒரு டீச்சரம்மா உடனே வாங்கிக்கொண்டார். உன் பழைய வேட்டியில் சுற்றி அனுப்பினேன். கூடத்துச் சுவரில் மாட்டிப் போட்டோ அனுப்பினார். அந்த வரிகளோடு அதையும் நெட்டில் ஏற்றி, உன் வீட்டம்மாவிடம் காட்டினேன். அவள் கண் மாட்டின் மேல் நிற்கவில்லை. கீழே நான் எழுதியிருந்ததையே திரும்பத் திரும்பப் படித்தாள்.

"இத அவரா சொன்னாரு?"

"பின்ன? எங்கிட்டதான் சொன்னான்."

"ஒண்ணும் சொல்லாமலே போயிட்டாருன்னு நெனச்சிக்கினு இருந்தேண்ணா" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டீ போட எழுந்தாள். இப்போது வில்லியனூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் அவர்களுக்கும் அதைச் சொல்கிறாள், என்னைவிட நன்றாக. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் ஆமாம் என்கிறேன். உண்மையைச் சொல்ல வேண்டுமா, வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா? பேசியே பிழைத்தவனுக்கு இது ஒன்றுதான் பிடிபடவில்லை.

ஏனென்றால் நீ அப்படிச் சொல்லவே இல்லை மச்சான். அது நான் சேர்த்தது. போனை நீட்டிக்கொண்டு நின்ற என்னிடம் நீ கடைசியாகச் சொன்னது, "வெளிச்சத்த மறைக்காதடா, தள்ளி நில்லு."

அதை மட்டும் நான் எங்கேயும் ஏற்றவில்லை.