கிட்டார் பெட்டியில் ஒரு பிடி தேயிலை

ஜூன் 16, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. எதிர்மலையைப் பார்த்து மூன்று நாளாகிறது. வீட்டில் குடை இரண்டு, இரண்டிலும் கம்பி ஒடிசல்.

ஞாயிறு ஹட்டனில் கல்யாண ரிசெப்ஷன். சாமான் சரிபார்த்தேன்:

– கிட்டார். சிவப்பு, ஜப்பானில் செய்தது, கொழும்பில் பழசாக வாங்கியது. இருபத்து மூன்று வருடத்தில் அது மாறவில்லை. தோள் வாரை மட்டும் என் வயிற்றுக்காக மூன்று தடவை நீட்டியாயிற்று.
– அதன் பெட்டி. மரம். உள்ளே நீல வெல்வெட், ஒரு காலத்தில்.
– ஆம்ப். வால்வு வகை. சூடேற ஐந்து நிமிடம் வேண்டும். எனக்குப் பத்து.
– பெடல் இரண்டு. ஒன்றை மிதித்தால் உறுமும், மற்றதை மிதித்தால் எதிரொலிக்கும். மூன்றாவதுக்குள் அட்டைப்பூச்சி புகுந்ததிலிருந்து அது வேலையும் செய்யாது, அட்டையும் வெளியே வரவில்லை.
– மைக். ஒன்று.
– தொண்டை. ஒன்று. ஐம்பதை நெருங்குகிறது. காலை மாலை யூக்கலிப்டஸ் தைலம் விட்டு ஆவி. கையில் மிஞ்சுகிற தைலத்தைக் கிட்டாரின் கழுத்தில் தடவித் துடைப்பது. கம்பி துருப்பிடிக்காது, கரப்பான் அண்டாது. மனைவி மலரும் அண்டுவதில்லை.

கிட்டார் இந்த மாதத் தொடக்கத்திலிருந்து வீட்டில் இல்லை, தோட்டத்துத் தேயிலை பெக்டரியில். மழைக்காலத்தில் என் வீட்டுச் சுவரில் காளான் முளைக்கும், கிட்டார் கழுத்து வளைந்துபோகும். பெக்டரியில் பொதி கட்டும் அறைக்கு அடுப்புச் சூடு பின்சுவர் வழியாக வரும். இந்த மலையில் அதைவிடக் காய்ந்த இடம் கிடையாது. வைத்துத் தந்தது அங்கே தேயிலை பதப்படுத்தும் பொறுப்பில், டீமேக்கராக இருக்கும் மச்சினன் சந்திரன் (இனி ச.; முழுதாக எழுத சோம்பல்). மலரின் தம்பி. சீதனமாக வேறு எதுவும் வரவில்லை, இவன் ஒருத்தன் போதும் என்று அடிக்கடி தோன்றுகிறது. அவனிடம் சொன்னதில்லை.

ஜூன் 17, செவ்வாய்

மழை. மத்தியானம் டியூஷன், பிள்ளைகள் மூன்று பேர். ஒருத்தியின் அம்மா கேட்டார்: "ராக்குன்னா கத்துறதுதானே மாஸ்டர், அதுக்கு எதுக்கு ஃபீஸ்?" நியாயமான கேள்வி. மழுப்பினேன்.

சாப்பாட்டு நேரத்துக்கு ச. வந்தான். தட்டில் கை வைக்கவில்லை.

"என்னடா, மொகம் ஈரக் கொழுந்து மாதிரி இருக்கு?" மலர்.

"கொழும்புல இருந்து கடுதாசி வந்திருக்குக்கா. நம்ம தேயிலையில தைல வாசமாம். குடிச்சுப் பாத்தவங்க எழுதிட்டாங்க. இந்த மாசம் அனுப்பினது பூராத் திரும்பி வருது."

"சளி பிடிச்சவங்களுக்கு வித்துற வேண்டியதுதானே" என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசம் எதையும் உறிஞ்சிக்கொள்ளும். பெக்டரிக்குள் மல்லிகைப் பூவோ பவுடரோ கூடாது என்று இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். அதனால் பழி விழுந்தது பார்வதியக்கா மேல். பொதி கட்டும் அறையில் பதினாறு வருடம் வேலை. ஓயாத தலைவலிக்காரி, நெற்றியில் எப்போதும் தைலம் பளபளக்கும். இரண்டு தடவை எச்சரித்தும் விடவில்லையாம். இன்று காலை பெரட்டில், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற நேரத்தில், துரை, தோட்டத்து மேனேஜர், அவரை முன்னால் வரச் சொல்லியிருக்கிறார்.

"மடியில இருந்த டப்பாவ வாங்கி எல்லாருக்கும் தூக்கிக் காட்டினாரு. விசாரணை முடியிற வரைக்கும் வேலைக்கு வர வேணாம்னு சொல்லிட்டாரு. அந்தம்மா தலையக் குனிஞ்சிக்கிட்டே போச்சு மச்சான்."

"பாவம்" என்றேன். அதே மூச்சில் இன்னொரு துண்டு கருவாடு கேட்டேன். எழுதும்போதுதான் கூசுகிறது.

ஜூன் 18, புதன்

சாரல் மட்டும். ஒத்திகைக்குக் கிட்டாரை எடுக்க பெக்டரிக்குப் போனேன்.

வீட்டில் தைலம் மணப்பதே எனக்குத் தெரியாது. நான், தலையணை, பல் துலக்கும் பிரஷ், எல்லாமே அதே வாசம்தான். பெக்டரியில் அப்படியில்லை. தேயிலை வாசம் மட்டும், வேறு எதுவும் கிடையாது. அங்கே நின்று பெட்டியைத் திறந்தேன்.

எனக்கே தும்மல்.

வெல்வெட் முழுக்கத் தைலம். வருடக்கணக்கில் ஊறியது. ச. என்னைப் பார்த்தான். நான் பெட்டிக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்தேன்.

"மச்சான்."

"ம்."

"மூடுங்க."

மூடினேன். கதவையும் சாத்தினான்.

"வெளியாள் சாமான் உள்ள வைக்கக் கூடாது மச்சான். செவத்துல எழுதி ஒட்டியிருக்கு பாருங்க. ஒட்டினதே நான்தான். தெரிஞ்சா வேலை போயிரும். வாயத் தொறக்காதீங்க."

தொழிலாளர் வரிசை வீட்டில், லயத்தில், பிறந்த பையன் டீமேக்கர் ஆனது இந்தத் தோட்டத்தில் இவன்தான் முதல். அந்த வேலை கிடைத்த அன்று ஆம்பை முற்றத்தில் வைத்து நான் வாசித்ததில் மூன்று லயத்துக்கு ஃபியூஸ் போனது. ஒருத்தரும் திட்டவில்லை, இருட்டிலேயே பாயசம் குடித்தார்கள்.

பெட்டியை உரச்சாக்கில் சுற்றி வெளியே கொண்டுவந்தேன். இருபத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாக என் கிட்டாரை ஒளித்துத் தூக்கிக்கொண்டு.

ஒத்திகை மோசம். டிரம்ஸ் ராஜன் தலைக்குச் சாயம் பூசியிருக்கிறான், காதுக்கும் சேர்த்து. சாதாரணமாக இதற்கே ஒரு வாரம் சிரித்திருப்பேன்.

ஜூன் 19, வியாழன்

வெயில்! பத்து நிமிடம்.

நோர்வூட் பஜாருக்குப் போனேன். பெடலுக்கு பேட்டரி இரண்டு, மலருக்கு நூல்கண்டு, இருமல் மிட்டாய். தைலக் கடைப் பக்கம் திரும்பவில்லை.

பஸ் நிறுத்தத்தில் பார்வதியக்கா. ஒளிய முடியவில்லை, இந்த உடம்பை மறைக்கிற தூண் நோர்வூட்டில் கிடையாது.

"என்னா தம்பி, பாட்டெல்லாம் எப்புடி?"

"இருக்குக்கா. நீங்க?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. தோட்டத்துக்கே தெரியும்."

விசாரணையில் பொய் சொன்னார்கள், துரை அநியாயம் பண்ணினார் என்று திட்டுவார் என எதிர்பார்த்தேன். எனக்கும் அது வசதி, கூடச் சேர்ந்து திட்டியிருப்பேன். அவர் திட்டவில்லை.

"நான்தான் தம்பி. வேற யாரு? தலை வலிச்சா ஒரு பொட்டு வப்பேன். அதுக்கு அம்புட்டு வாசம் இருக்கும்னு நெனைக்கல. என்னால எத்தனை பேரு பறிச்ச கொழுந்து வீணாப் போச்சு. பெரட்டுல எல்லாப் பொம்பளைங்களும் என்னையே பாக்குறாங்க. இப்ப தலை வலிச்சாலும் வைக்கிறதில்ல. ஈரத் துணியக் கட்டிக்கிறேன்."

பஸ் வந்தது. ஜன்னலோர சீட்டை எனக்குக் கொடுத்தார்: "உங்களுக்குக் காத்து வேணும், பாடுற ஆளு." உட்கார்ந்துவிட்டேன். எப்படி உட்கார்ந்தேன்?

வீட்டுக்கு வந்து மலரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள். நடுவில் ஒரு தடவைகூடக் கை நிற்கவில்லை.

"அந்தம்மா தான்தான் செஞ்சோம்னு நம்புதா?"

"ஆமா."

"நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் போகட்டுமா?"

"உன் தம்பி வேலை..."

"என் தம்பிய நான் பேசிக்கிறேன். உங்க சட்டைய இஸ்திரி போட்டு வக்கிறேன்."

இவளைக் கட்டிக்கொடுத்த மாமனாரை நினைத்து அடுப்படியிலேயே ஒரு கும்பிடு. பிறகு கழிப்பறைக்கு மூன்று தடவை. மேடை ஏறுமுன் இரண்டுதான்.

ஜூன் 20, வெள்ளி

மழை, காற்று. காலை ஏழுக்கு வாசலில் ச. நிற்கிறான். அக்கா தம்பி ராத்திரி போனில் என்ன பேசினார்கள் என்று தெரியாது. ஷேவ் பண்ணியிருந்தான்.

"நீங்க தனியாப் போனா துரை நம்ப மாட்டாரு மச்சான். வாங்க."

ஒரு குடை, இரண்டு பேர், கிட்டார் பெட்டி. முழுசாக நனையாமல் வந்தது பெட்டி மட்டும்.

துரை நல்லவர், ஆனால் சிரித்து யாரும் பார்த்ததில்லை. நான் சொல்லச் சொல்ல என் முகத்தையே பார்த்தார். முடித்ததும் கேட்டார்:

"பார்வதி உங்களுக்கு என்ன சொந்தம்?"

"சொந்தம் இல்லைங்க."

"பின்ன ஏன் கதை கட்டுறீங்க? நீங்க ஊருல பகிடிக்காரன்னு எனக்குத் தெரியும். ஒரு கிட்டாரு எப்படி அவ்வளவு தேயிலையக் கெடுக்கும்?"

வாழ்நாள் முழுக்கப் பொய்யை நம்பவைத்தேன். ஒரு தடவை நிஜம் சொன்னால் இந்தக் கதி. பெட்டியைத் திறந்து மூக்குக்கு நேராக நீட்டினேன். முகர்ந்தார். "வாசம் இருக்கு. ஆனா இந்த வாசந்தான்னு எப்படிச் சொல்றது? பார்வதி டப்பாவும் வாசந்தானே?"

அப்போதுதான் ச. வாயைத் திறந்தான். அவன் மூளைக்கு நூறு நன்றி.

"சேர், நல்ல தேயிலையில மூணு பிடி எடுப்போம். ஒண்ணு மூடின டின்ல. ஒண்ணு பார்வதியக்கா டப்பாவோட. ஒண்ணு இந்தப் பெட்டிக்குள்ள. நாளைக்குக் காலையில ஊத்திக் குடிச்சுப் பாருங்க. திரும்பி வந்த தேயிலையும் பக்கத்துல இருக்கட்டும். எது எதோட ஒத்துப்போகுதுன்னு உங்க நாக்கே சொல்லும்."

துரை யோசித்தார். பிறகு பெட்டியைத் தானே தூக்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார், கிட்டாரோடு. பிடி தேயிலை வெல்வெட்டில், கம்பிகளுக்குப் பக்கத்தில், ஒரு காகிதத்தின் மேல்.

கிட்டார் இல்லாத வீடு. விரல் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, மேசையைத் தட்டியே மலரின் பொறுமையைத் தீர்த்தேன்.

ஜூன் 21, சனி

மூடுபனி. ஒன்பது மணி, பெக்டரியின் ருசி பார்க்கும் மேசை.

வெள்ளைக் கோப்பை நாலு. எது எது என்று அடியில் மட்டும் எழுதியிருந்தது. ச. வெந்நீர் ஊற்றினான். ஆறு நிமிடம். நான் மேடையில் பாடுகிற எந்தப் பாட்டும் அவ்வளவு நீளம் போனதில்லை.

துரை கரண்டியில் எடுத்து ஒரு உறிஞ்சு. இந்த உறிஞ்சலை என் ஆம்பில் போட்டால் ஹட்டன் வரை கேட்கும். துப்பினார். அடுத்தது. துப்பினார். மூன்றாவதில் நின்றார். நாலாவதுக்குப் போனார், மூன்றாவதுக்குத் திரும்பினார், மறுபடி நாலாவது.

"இது ரெண்டும் ஒண்ணு" என்றார்.

கோப்பைகளைத் தூக்கி அடியைப் பார்த்தான் ச. ஒன்று திரும்பி வந்த தேயிலை. மற்றது என் கிட்டார்.

பார்வதியக்காவின் டப்பா இரண்டாவது கோப்பையில் இருந்தது. அதுவும் மணந்ததாம், ஆனால் வேறு மணம், புதினா மாதிரி. "ரெண்டுமே கூடாது" என்றார் துரை, விட்டுக்கொடுக்காமல். பிறகு என்னிடம், "நீங்க ஏன் வந்தீங்க? யாருமே உங்களச் சந்தேகப்படலையே." "இஸ்திரி போட்ட சட்டைங்க சேர்" என்றேன். அப்போது சிரித்தார். பல் நன்றாகவே இருக்கிறது, ஏன் மறைக்கிறார்?

முடிவு: பார்வதியக்கா திங்கள் முதல் வேலைக்கு. சந்திரனுக்கு எச்சரிக்கைக் கடிதம், வேலை பிழைத்தது. எனக்கு இனி பெக்டரி வாசலுக்கு வெளிப்பக்கம்தான். கோபுரத்தைப் பார்ப்பதுபோல் தூர நின்று கும்பிட வேண்டியது.

வாசலில் வந்து ச. ஒரு நிமிடம் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். "மச்சான், நீங்க ரொம்ப மணக்குறீங்க" என்றான்.

அங்கிருந்தே பார்வதியக்கா லயத்துக்கு. நடந்ததைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன், இரண்டு மூன்று விதமாக. நெற்றியில் ஈரத்துணிக் கட்டோடு நின்று கேட்டார். அழுவார், அல்லது கும்பிடுவார் என்று நினைத்திருந்தேன். ஆசைதான்.

"என்னைய எங்க வச்சுச் சொன்னாங்க தம்பி?"

"பெரட்டுல."

"நீங்க எங்க வந்து சொல்றீங்க?"

"...உங்க வாசல்ல."

"ம். திங்கக்கெழம ஆறரைக்கு வந்துருங்க."

பிளேன்டீ கொடுத்தார், கல்கண்டோடு. அதையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

ரிசெப்ஷன். ஹால் நிறைய ஆள். மாப்பிள்ளையின் மாமா மேடையேறி மைக்கைப் பிடுங்கி ஒரு பக்திப் பாட்டு, நாங்கள் அதற்குப் பின்னால் உறுமல் பெடலை மிதித்தோம். அபாரமாக இருந்தது, அவரே சொன்னார். கிட்டார் கழுத்தில் தைலம் இல்லை, காய்ந்த துணியால் துடைத்தது மட்டும். தொண்டைக்கு உப்புத் தண்ணீர். இரண்டுமே கைவிடவில்லை.

கல்யாண பிரியாணி இரண்டு தட்டு. ராஜனின் காதுச் சாயம் வேர்வையில் காலருக்கு இறங்கியிருந்தது. சிரித்தேன், ஐந்து நாளுக்கும் சேர்த்து.

பிறகு திங்கள் ஞாபகம் வந்தது.

ஜூன் 23, திங்கள்

மழை விட்டு மூடுபனி மட்டும். ஆறு இருபதுக்கே போய் நின்றேன். மலரும் கூட வந்தாள். "ஓடிற மாட்டீங்கன்னு தெரியும், ஆனாலும்" என்றாள்.

பெரட்டுக் களத்தில் நூறு பேருக்கு மேல். கூடையும், இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்குமாகப் பெண்கள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு பேர்ப் புத்தகத்தோடு. துரை கையைக் கட்டிக்கொண்டு ஒரு ஓரம். ச. அவருக்குப் பின்னால், தரையைப் பார்த்தபடி. மேடை இல்லை, மைக் இல்லை, கையில் கிட்டார்கூட இல்லை. கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை, பாக்கெட்டில் போட்டேன், எடுத்தேன்.

யாரோ: "என்னா அண்ணே, காலங்காத்தால கச்சேரியா?" சிரிப்பு.

பார்வதியக்கா முன் வரிசை. நெற்றியில் துணி இல்லை, தைலமும் இல்லை.

சொன்னேன். தேயிலை கெட்டது என் கிட்டாரால். அதில் நான் தடவின தைலத்தால். அதை அங்கே வைத்தது என் வசதிக்காக. பார்வதியக்கா மேல் தப்பில்லை. போன செவ்வாய் இங்கே அவரைத் தலைகுனிய வைத்ததற்குக் காரணம் நான்.

என் குரல் இவ்வளவு சின்னதா என்று எனக்கே ஆச்சரியம்.

பார்வதியக்கா திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார். பிறகு என்னை.

"தம்பி, பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல. இன்னொருக்காச் சொல்லுங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டு, சொன்னேன்.