உங்கள் கண்ணில் இருந்தது

அப்பா,

நேற்று என் மகனுக்குக் கண் சோதனை. கம்பி ஒட்டக் கண்ணோரங்களை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. அவனுக்கு ஒன்றுமில்லை, கவலை வேண்டாம்.

எனக்கு அப்போது பதினான்கு வயது. கரும்பலகையில் எந்த எழுத்தைப் பார்க்கிறேனோ அது மட்டும் கலங்கும். சுற்றியிருப்பதெல்லாம் தெளிவாகத் தெரியும். மூன்று கண்ணாடி மாற்றியும் பயனில்லை. நீங்கள் நம்பவில்லை.

"ஆடு மாடெல்லாம் தெரியுது, புத்தகம் மட்டும் தெரியலையாக்கும்? நடிக்கிறா" என்பீர்கள். கோபம் அப்படியே அம்மா பக்கம் திரும்பும். "எங்க வம்சத்துல ஒருத்தருக்காவது கண்ணு பழுதா? இது உங்க அப்பன் வீட்டுச் சீதனம்."

கடைசியில் எழுமலையிலிருந்து மூவரும் மதுரைக்கு பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரியில் என் விழித்திரையைப் படம் எடுத்தார்கள். அடுத்த வாரம் போனபோது டாக்டரம்மா அந்தப் படத்தை உங்கள் கையில் கொடுத்தார். நடுவில், முட்டையின் மஞ்சள் கரு போல ஒரு வட்டம்.

"பிள்ளை பொய் சொல்லலைங்க. இது அபூர்வமான நோய். பெத்தவங்க யார்கிட்ட இருந்தாவது வந்திருக்கும். உங்க ரெண்டு பேரையும் பாக்கணும்."

உங்கள் இருவர் கண்ணிலும் வெளியே தெரிகிற குறை எதுவும் இல்லை. பிறகு மின்சோதனை. கண்ணோரங்களை ஸ்பிரிட்டால் துடைத்துக் கம்பிகளை ஒட்டி, இரண்டு சிவப்பு விளக்குகளை மாறி மாறிப் பார்க்கச் சொன்னார்கள். முதலில் இருட்டில், அப்புறம் வெளிச்சத்தில். வெளிச்சம் வந்ததும் தாளில் கோடு உயர வேண்டுமாம். அம்மாவுக்கு உயர்ந்தது. உங்களுக்கு உயரவில்லை.

"உங்ககிட்ட இருந்துதான் வந்திருக்கு. உங்களுக்குப் பார்வை கெடலை, அம்புட்டுதான்" என்றார் டாக்டரம்மா. மருந்து கிடையாது, ஆனால் முழுக்க இருண்டுவிடாது என்றும் சொன்னார்.

நீங்கள் துண்டால் கண்ணோரத்துப் பசையைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள், பசை போன பிறகும். திரும்பும் வழியில் உசிலம்பட்டி தாண்டியது. பிறகு பஸ்ஸில் எல்லோர் காதிலும் விழும்படி அம்மாவிடம் சொன்னீர்கள்: "என் கண்ணுதான். உன்னைய வைஞ்சது தப்பு."

"வீட்டுக்குப் போயிப் பேசுவோம்" என்றாள் அம்மா. ஊர் வரும்வரை முகத்திலிருந்து முந்தானையை எடுக்கவில்லை.

மறுநாள் வயலிலிருந்து வந்து கைகழுவிவிட்டு என் புவியியல் புத்தகத்தை விரித்தீர்கள். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர், எழுத்துக் கூட்டி, பரீட்சை முடியும்வரை தினமும் வாசித்தீர்கள். கேட்டுக் கேட்டே பத்தாவது தேறினேன்.

தீர்க்கரேகை என்று உங்களுக்கு ஒரே மூச்சில் வராது. "தீர்க்க..." என்று நிறுத்தி, சரிதானா என்று என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் "ரேகை" என்பீர்கள். இன்றும் அந்தச் சொல்லை நான் நடுவில் நிறுத்தித்தான் சொல்கிறேன். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். திருத்திக்கொள்ள எனக்கு மனமில்லை.