நைனா அனுப்பிய குரல்

பட்டினப்பாக்கம்,
பங்குனி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் சித்தார்த்தனுக்கு, அம்மா சுப்பம்மா சொல்லச் சொல்ல தங்கச்சி நிலா எழுதுவது. நானும் நிலாவும் சுகமாக இருக்கிறோம். நைனாவும் சுகம் என்று எழுதச் சொன்னேன், இவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அதனால் அவரைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். மஸ்கட்டில் வெயில் ஏறியிருக்கும், ஏசி மாட்ட மொட்டை மாடியில் நிற்கும்போது தலையில் துணி கட்டிக்கொள். உன்னோடு தங்கியிருக்கும் மெஹபூப் அலி லீவு முடிந்து திரும்புகிறான், அவன் கையில்தான் இதையும் நெத்திலிக் கருவாட்டையும் கொடுத்தனுப்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் எழுதியது நம்மை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்தோமே, அதனால்தான்.

வியாபாரம் பரவாயில்லை, கபாலி கோயில் திருவிழா முடிகிற வரைக்கும் மீன் வாங்க ஆள் குறைவு. நிலா பரீட்சைக்குக் கூடைப் பக்கத்திலேயே உட்கார்ந்து படிக்கிறாள், லைப்ரரிப் புத்தகத்தில் கவுச்சி அடிக்கிறது என்று அங்கே அவளைத் திட்டினார்களாம். என் கூடையைக் காரிலிருந்து வீடியோ எடுத்து, ரோட்டையே மார்க்கெட்டாக்கிவிட்டார்கள் என்று போட்டாளே ஒரு அம்மா, அவளே போன வாரம் காரை நிறுத்தி வஞ்சிரம் வாங்கிக்கொண்டு போனாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த வீடியோவை ஊர் மறந்துவிட்டது, நம் வீட்டில்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கீழே எழுதியிருந்ததையெல்லாம் நிலா அப்போதே உட்கார்ந்து படித்தாள். ஒருத்தர் ஸ்கூல் வேன் மாட்டிக்கொள்கிறது என்கிறார், அதற்குப் பதிலாக இன்னொருத்தர் கடல் யாருடையது என்று கேட்கிறார், அடுத்தவர் நாற்றம் என்கிறார், அதற்கடுத்தவர் எழுதினவருடைய பெயரைப் பார்த்தே கோபப்படுகிறார். “ஒரே விசயத்தப் பத்தி ரெண்டு பேரு கூட பேசலம்மா, ஆனா அல்லாரும் சண்ட போட்டுக்கினு கீறாங்க” என்றாள். நீயும் அங்கே தூங்காமல் எழுதினாய். எனக்காகத்தான், அது எனக்குத் தெரியாதா கண்ணு.

அப்போதுதான் நைனா குப்பத்து வாட்ஸ்அப் குரூப்பில் பேசி அனுப்பினார். அவருக்கு எழுத்து வராது, வாய்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தேன். “வேன் நிக்கற எடத்த வுட்டு கூடய ரெண்டடி உள்ள தள்ளிக்கினா நமக்கு இன்னா கொறஞ்சி பூடும்?” என்று ஆரம்பித்தார். குரூப் பசங்கள் அதோடு நிறுத்திவிட்டார்கள். மீதியைக் கேட்காமலேயே, அம்மாசி அண்ணன் கார்க்காரங்களுக்கு வக்காலத்து வாங்குறாரு என்று நைனாவைப் பற்றி வரிசையாக எழுதினார்கள். நீ வேலையில் இருந்தாய், அவர் பேசியதைக் கேட்க நேரமில்லை, அவர்கள் எழுதியதைப் படித்தாய். படித்துவிட்டு, “நீ அவங்க பக்கமே நில்லு, எனக்கு நைனா இல்லன்னு நெனச்சிக்கிறேன்” என்று அவருக்கு எழுதினாய். வலை பின்னுகிற கதிரேசன்தான் அதை அவருக்குப் படித்துக் காட்டினான். கட்சிக் கூட்டத்தில் பேசுகிற தொண்டை அவனுக்கு, பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நைனா குரூப்பில் பேசியதையே உனக்குத் தனியாக ஒருதரம் அனுப்பினார், அவ்வளவுதான்.

இனிமேல் சொல்லித்தான் ஆக வேண்டும். தை மாதம் நைனாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று நிலாவை எழுதச் சொன்னேன், நீயும் மருந்தெல்லாம் கேட்டு அனுப்பினாய். கட்டியோடு குரல்வளையையும் எடுத்துவிட்டார்கள் என்பதை எழுதச் சொல்லவில்லை. அங்கே தனியாக இருந்து நீ அழக்கூடாது என்று நினைத்தேன். கழுத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, அது வழியாகத்தான் மூச்சு விடுகிறார். இனி அவருக்குப் பேச்சு வராது. நிலாவைக் கூப்பிட ஸ்பூனால் தட்டைத் தட்டுகிறார். ஆபரேஷனுக்கு முன்னால் மாடி வீட்டு ஷகீலா வந்து, “பசங்களுக்கு ரெண்டு வார்த்த பேசி போன்ல வெச்சிக்கோ அண்ணே” என்று கெஞ்சினாள். “பேச வேண்டியத பேசி அனுப்சிட்டேன்மா. அவன் கேக்கட்டும்” என்றார். நான் கேட்ட அவருடைய கடைசிப் பேச்சுகளில் அது ஒன்று.

அண்ணா, அம்மா தண்ணீர் பிடிக்கக் கீழே போயிருக்கிறாள், இது நானாகவே எழுதுவது. நைனா பேசி அனுப்பியதைக் கேட்டாயா என்று நான் போனில் கேட்டபோது, “அவரு இன்னா சொல்லியிருப்பாருன்னு எனக்குத் தெரியும்” என்றாய். அந்த வீடியோவுக்குக் கீழே சண்டை போட்ட அத்தனை பேருக்கும் மற்றவர் என்ன சொல்லியிருப்பார் என்று தெரிந்துதான் இருந்தது. நீ எழுதிய வரியை ஆஸ்பத்திரியில் நைனாவுக்கு நான் மறுபடி படித்தேன், கதிரேசன் மாமா மாதிரி இல்லை, அழுகையை அடக்கிக்கொண்டு நீ பேசுவாயே, அந்த மாதிரி. நைனா என் கையைப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்தார். அதற்குள் பேச்சு போய்விட்டிருந்தது அண்ணா.

அம்மா வந்துவிட்டேன். நைனா பேசியது முழுவதையும் இதிலேயே எழுதிவிடலாம் என்கிறாள் இவள். வேண்டாம் என்றேன். காகிதத்தில் வந்தால் அது நிலாவின் பேச்சாகிவிடும். கடைசியில் உன் பெயரைச் சொல்லித்தான் பேசுகிறார், அது மட்டும் உனக்குத் தெரிந்தால் போதும். அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் நீ கேட்டுவிட்டால் அவர் அனுப்பிய பேச்சுக்குப் பக்கத்தில் போனில் தெரிகிற சின்ன மைக் படம் நீலமாகும் என்று நிலா சொல்லிக்கொடுத்திருக்கிறாள். காலையில் எழுந்ததும் போனை எடுத்து அந்த நிறத்தைத்தான் பார்க்கிறார். எனக்குக் காட்டமாட்டார், கவிழ்த்துத் தலையணைக்கடியில் வைத்துவிடுவார்.

நேரத்துக்குச் சாப்பிடு, யாரோடும் கோபத்தோடு தூங்கப் போகாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், கடலம்மா உன்னைப் பார்த்துக்கொள்வாள். மறக்காதே, கேட்கும்போது சீக்கிரம் முடியட்டும் என்று வேகமாக ஓட்டாதே. நடுவில் இருமுவார், மூச்சு வாங்குவார், அதையும் கேள். இதைச் சொல்லும்போது அவர் பக்கத்தில்தான் இருந்தார். ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டேன், பேனாவை வாங்கித் தனக்கு எழுதத் தெரிந்த ஒன்றே ஒன்றைக் கீழே எழுதியிருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா சுப்பம்மா

அம்மாசி