தம்பி அனுப்பும் மாத்திரைகள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் பேசினால் நீ சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய், எனக்கும் கோபம் வந்துவிடும். அதனால்தான் கடிதம்.

பார்சல் வந்தது. கால்சியம், மீன் எண்ணெய், சத்து மாத்திரை எல்லாம் தையல் மெஷின் பக்கத்தில் நூல்கண்டுகளோடு வரிசையாக நிற்கின்றன. துணி கொடுக்க வருகிறவர்கள், மருந்துக்கடையும் திறந்துவிட்டாயா என்று கேட்கிறார்கள்.

அப்பாவைக் குடல் புற்றுநோய் கொண்டுபோனதிலிருந்து நீ மாத்திரையைத்தான் நம்புகிறாய். நீ அனுப்பியது என்பதால் நானும் ஒரு வேளை தவறவிடவில்லை. அதனால் நடந்த கூத்தைக் கேள். அப்பாவுக்கு வந்ததால் எனக்கும் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க நாள் கொடுத்து, அதற்கு முன் இரும்புச்சத்தை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். உன் சத்து மாத்திரையில் அது இருக்கிறது. தம்பி அனுப்புவது மருந்துக் கணக்கில் சேராது என்று நான் விழுங்கிக்கொண்டே இருந்தேன். உள்ளே கறுத்துப்போய் ஒன்றும் தெரியவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நிறுத்திவிட்டு மறுபடி போனேன். இரண்டு சதை வளர்ச்சிகள் இருந்தன, அப்போதே எடுத்துவிட்டார்கள். புற்றுநோய் இல்லை. விட்டிருந்தால் ஆகியிருக்கலாமாம். இவ்வளவு மாத்திரைக்குப் பிறகும் எப்படி வந்தது என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். கால்சியம் கொஞ்சம் உதவலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, சில இல்லை என்கின்றன, மற்றவற்றுக்கு அந்த ஆதாரமும் இல்லை என்றார். பிறகு, "சாப்பிடுறதா வேண்டாமான்னு அப்புறம் பேசலாம்மா. மாத்திரைக்குக் கண்ணு கிடையாது. உள்ள பாத்தாத்தான் தெரியும்," என்றார். கூடப் பிறந்தவர்கள் உண்டா என்றும் கேட்டார். ஒரு தம்பி என்றேன்.

போன வாரம் உன் மனைவி பேசினாள். கழிப்பறையில் ரத்தம் பார்த்தாளாம். மூலமாக இருக்கும் என்று சொல்லி நீ இன்னொரு மாத்திரையைக் கூட்டிக்கொண்டாயாம். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. அப்பாவும் மூலம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நாமும் நம்பினோம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நீயும் குழாய் விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். உனக்குக் கூச்சம் என்று தெரியும். மயக்கம் கொடுத்துவிடுவார்கள், ஒன்றும் தெரியாது. ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்தவன் நீ; காலைப் பிடித்து இழுக்க இப்போது நான் பக்கத்தில் இல்லை.

இனி மாத்திரை அனுப்பாதே. பரிசோதனைக்கு நாள் வாங்கிவிட்டு எனக்குச் சொல். தைக்க வாங்கிய துணிகளையெல்லாம் அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பி வருகிறேன். நீ கண் விழிக்கும்போது பக்கத்தில் இருப்பேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், தம்பி. எனக்குப் பின்னாலும் இருக்க வேண்டும்.

உன் பதிலுக்காக வாசலையே பார்த்திருக்கும்
அக்கா