சறுக்குமரத்தின் கீழே பங்கர்

ஐப்பசி 22, வியாழன் இரவு.

நாளைக் காலை சிறுவர் பூங்காவைத் திறக்கிறார்கள். சறுக்குமரம் நிற்பது எங்கள் பழைய பங்கருக்கு, அந்தப் பதுங்குகுழிக்கு, மேலே. சண்டைக் காலத்தில் நானும் மனைவியும் வெட்டி, பனங்குற்றி பரப்பி மூடியது. பிறகு புல்டோசர் மேலே மண்ணைத் தள்ளியதே தவிர, உள்ளே யாரும் நிரப்பவில்லை.

பூங்கா கட்டிய பிரதேச சபை அதிகாரியிடம் இன்றும் சொன்னேன்.

"போன முறை வேலி பிழை எண்டீங்கள். இப்ப நிலமே பிழையோ ஐயா?" என்று சிரித்தார்.

"குற்றி உக்கியிருக்கும் தம்பி. பிள்ளையள் ஏறினா இடியும்."

"புல்டோசரே ஏறின நிலம், ஐயா!"

பொழுதுபட, சறுக்குமரத்தடியில் அலவாங்கால், நீட்டு இரும்புக் கடப்பாரையால், குத்திப் பார்த்தேன். நான் பிடித்திருந்த இடம் வரை இறங்கிவிட்டது. இப்போது மழையும் பிடித்துவிட்டது.

விடியுமுன் கதிரையைக் கொண்டுபோய்ப் போட்டு, சறுக்குமரத்து ஏணியை மறித்து உட்கார்ந்திருப்பேன். என்னைத் தூக்கி எறிந்துவிட்டுப் பிள்ளைகளை ஏற்றட்டும்.

என் பாரத்தையாவது அந்த மண் தாங்குமா, தெரியவில்லை.