கோணல் உன் கையில் இல்லை

இன்று காலை பட்டறைக்குள் நுழைந்ததும் கருகிய மர வாசனை அடித்தது. உனக்குத் தெரிந்த வாசனைதான். பிளேடு கோட்டை விட்டு விலகி ஓடும்போது, அதைத் திரும்பக் கோட்டுக்குக் கொண்டுவர மரத்தைப் பக்கவாட்டில் அழுத்துவோமே, அப்போது உரசிக் கருகும் வாசனை. "போச்சுடி, ஓடிட்டான்" என்று நீ சுவிட்சை அணைப்பாய். ஒரு நொடி நீதான் அங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்றே நினைத்துவிட்டேன்.

உன் ஸ்டூலில் இருந்தது புதிதாகச் சேர்ந்த பெண். வையம்பட்டிக்காரி, கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்தவள். பிளைவுட்டில் பெருமாள் சக்கரம் ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தாள். அதன் விளிம்பு ஒரு பக்கம் கோட்டைத் தாண்டிப் பிதுங்கியிருந்தது. முதலாளி அண்ணன் அவள் தலைக்கு மேல் நின்றார்.

"வலது கையால நல்லா அழுத்திப் பிடிம்மா. உனக்கு முன்னாடி ஒருத்தி இருந்தா, இடது கைக்காரி. அத்தனையையும் கோணலாக்கிட்டுப் போயிட்டா. நீயும் அப்படி ஆயிடாத."

போயிட்டா. வேறு கடையில் வேலை கிடைத்துப் போனவளைச் சொல்வதுபோல் சொன்னார். காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போய் அப்படியே இல்லாமல் போனவளைப் பற்றிப் பேசுகிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனாலும் வழக்கம்போல என் மூலைக்குப் போய் பெயின்ட் டப்பாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்தபோதே எனக்குப் பேச்சு குறைவு. இங்கே வந்த பிறகு அதுவும் போயிற்று. "ஏய் ஊமைக்கோட்டான், நீ பேசாத, நான் ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசிக்கிறேன்" என்று நீ சொல்லிவிட்டதால், எனக்கு அந்தத் தேவையும் இல்லாமல் இருந்தது.

பிரஷ்ஷை நனைக்கும்போதுதான் தோன்றியது. அந்தப் பெண் வலது கைக்காரி. அவள் வெட்டியதும் ஓடியிருக்கிறது.

நீ அந்த மிஷினில் உட்கார்ந்த முதல் மாதம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தாய். தையல் மிஷின் ஊசி போல மேலும் கீழும் ஆடும் நூல் மாதிரியான பிளேடு, அதன் முன்னால் மரத்தை வளைத்து வளைத்துத் தள்ளி, ஒரே மூச்சில் ஒரு சங்கை எடுத்துவிடுவாய். வளைவுகளில் உன் கை அழகாக வரும். நேர்க்கோட்டில்தான் தகராறு. நேராகத் தள்ளினால் பிளேடு வலது பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். "இவனுக்கு மாமியார் வீடு வலது பக்கம்தான்டி, விட்டா அங்கதான் ஓடுறான்" என்பாய்.

அந்தச் சனிக்கிழமை வந்தாரே ஒரு பெரியவர், வீட்டு நிலைவாசலுக்குச் சங்கு, சக்கரம், நடுவில் திருமண் என்று பலகை கேட்டவர். பலகையை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். திருமண்ணின் நேர்க்கோடு மேலே போகப் போக லேசாகச் சாய்ந்திருந்தது. அவர் அதைச் சொல்லி வாய் மூடுவதற்குள் நீ வெட்டுவதைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, பெருமாள் காரியத்தை இடது கையாலயா பண்றே? அப்புறம் எப்படி நேரா வரும்?"

அவர் திட்டக்கூட இல்லை. பாவம் என்பதுபோலத்தான் சொன்னார். ஆனால் முதலாளி அண்ணன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கோணலுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது அல்லவா? அன்றிலிருந்து உன் இடது கை எதற்கெல்லாமோ பதில் சொல்ல வேண்டியதாயிற்று. பெயின்ட் வழிந்தால்கூட, "இடது கைக்காரி தொட்ட பலகையா?" என்று கேட்டுச் சிரித்தார்.

நீ சும்மா இருக்கவில்லை. மத்தியானம் அவர் சாப்பிடப் போன நேரத்தில் நாம் இருவரும் அந்த மிஷினைக் குடைந்தோம். பிளேடு தளர்ந்திருக்கிறதா என்று விரலால் சுண்டிப் பார்த்தாய். வீணைக் கம்பி மாதிரி டிங் என்றது. பழைய பிளேடாக இருக்குமோ என்று புதிதை மாட்டினாய். மேஜை சாய்ந்திருக்குமோ என்று தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்துப் பிளேடோடு ஒட்டிப் பார்த்தாய், இடைவெளி இல்லை. அவசரப்படுகிறோமோ என்று ஆமை வேகத்தில் தள்ளிப் பார்த்தாய். எல்லாம் சரியாக இருந்தது, பிளேடு மட்டும் வலது பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. பிளேடைக் கழற்றி அதன் பக்கங்களில் விரலை ஓட்டி, "இங்க பாருடி, ஒரு கன்னம் வழவழன்னு இருக்கு, இன்னொரு கன்னம் ரெண்டு நாள் தாடி" என்று என் கையில் கொடுத்தாய். சிரித்தோம். சிரித்துவிட்டுத் திரும்ப மாட்டிவிட்டோம்.

சாப்பிட்டுவிட்டு வந்தவரிடம் நீ கேட்டாய். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "அண்ணே, இது பிளேடோட கோளாறா இருக்குமாண்ணே? எப்படித் தள்ளினாலும் ஒரே பக்கம் இழுக்குது."

"அதே பிளேடுலதானே நானும் வெட்டுறேன்? எனக்கு நேராத்தானே போகுது? மிஷினக் குறை சொல்லாத. கைய மாத்து."

மாற்றினாய். சோறு அள்ளுவதிலிருந்து பேனா பிடிப்பது வரை பழகிய கையை விட்டுவிட்டு, மற்றக் கையால் வெட்டினாய். வளைவுகளும் போயின. அழகாக வந்துகொண்டிருந்த சங்குகூட நசுங்கியது. "பாத்தியா, கை மாத்தியும் வரல, இது ஆள்கிட்டயே கோணல்" என்று உன்னை உப்புத்தாள் தேய்க்க என் பக்கத்தில் உட்கார வைத்தார். நீயும் அவரிடம் "சாரிண்ணே" என்று சொல்லிவிட்டு, என்னிடம், "விடுடி, என் கைதான் சரியில்ல போல" என்றாய். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எல்லாரிடமும் வாயாடுகிறவள், அவரிடம் மட்டும் ஏன் ஒத்துக்கொண்டாய்? ஏன் சாரி கேட்டாய்? எதற்காக?

துக்கம் விசாரிக்க அவர் உறையூரில் உன் வீட்டுக்கு வந்தார். உன் அம்மாவிடம், "நல்ல பொண்ணும்மா, கைதான் நேரா வராது, மத்தபடி தங்கம்" என்றார். ஆறுதலாம். உன் அம்மா அழுகையை நிறுத்தி, "சின்னதிலயே அந்தக் கையத் திருத்தியிருக்கணும், பாதியில விட்டுட்டேன். வேலையிலயும் கெட்ட பேரு வாங்கிட்டுத்தான் போயிருக்கா" என்றார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தப் பேச்சை அப்படியே அந்த வீட்டில் விட்டுவிட்டு வந்தேன்.

அதனால்தான் இன்று விடவில்லை.

முதலாளி அண்ணன் பலகைகளை டெலிவரி கொடுக்கப் போனதும் மிஷினுக்குப் போனேன். "அக்கா, கொஞ்சம் எந்திரிங்க" என்றேன். அந்தப் பெண், "அட, உனக்குப் பேச வருமா!" என்று வியந்து எழுந்துகொண்டாள். பிளேடைக் கழற்றி நகத்தால் இரண்டு பக்கமும் வருடினேன். வலது பக்கம் சொரசொரப்பு. இந்த மலிவுப் பிளேடுகளைத் தகட்டில் அச்சு வைத்து அடித்து எடுப்பார்களாம். அடித்த பக்கம் வழுக்கும், மறுபக்கம் பிசிறு நிற்கும். பெட்டியில் இருந்த எல்லாப் பிளேடும் அப்படித்தான் இருந்தது. பிசிறு இருக்கிற பக்கம் மரத்தைக் கூடுதலாகக் கடிக்கும். கடிக்கிற பக்கம்தானே ஓடும்?

ஒரு துண்டுப் பிளைவுட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, என் வலது கையால் நேராகத் தள்ளினேன். வலது பக்கம் ஓடியது. பிறகு பிளேடைத் தலைகீழாக மாட்டினேன், பிசிறு இடது பக்கம் வரும்படி. பற்கள் மேல்நோக்கி இருந்ததால் மரம் துள்ளியது. அந்தப் பெண் இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டாள். இன்னொரு துண்டில் அதே மாதிரி கோடு. அதே கை. அதே வேகம். இடது பக்கம் ஓடியது.

"கை ஒண்ணுதானேடி? அப்ப பிளேடுதான் திருடனா?" என்றாள் அவள்.

அவர் திரும்பி வந்தபோது இரண்டு துண்டுகளையும் நீட்டினேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "உனக்கு வெட்டத் தெரியலன்னு அர்த்தம்" என்று சிரித்தார். பிளேடைச் சரியாக மாட்டி, ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கோடு போட்டு வெட்டிக் காட்டினார். நேராக வந்தது. கோட்டின் மேல் கோடாக வந்தது.

எனக்கு ஒரு நிமிடம் எல்லாம் போயிற்று என்று ஆகிவிட்டது. அப்புறம்தான் அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தேன். மரத்தை நமக்கு நேராக வைத்து அவர் தள்ளவில்லை. அதன் இந்தப் பக்க முனையைக் கொஞ்சம் வலது பக்கம் ஒதுக்கி, சாய்வாகத் தள்ளியிருந்தார்.

"ஏண்ணே மரத்தைத் திருப்பினீங்க?"

"பிளேடு இழுக்கும்ல? அதுக்குத் தக்கன சாய்ச்சுத் தள்ளணும்."

"எந்தப் பக்கம் இழுக்கும்?"

"வலது பக்கம்தான். எல்லா பிளேடும் அப்படித்தான் இழுக்கும். இது என்ன பெரிய விஷயமா?"

கேட்டாயா? பெரிய விஷயம் இல்லையாம். ஒரு வார்த்தை, 'கொஞ்சம் சாய்ச்சுத் தள்ளு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நீ அன்று சாயங்காலமே நேராக வெட்டியிருப்பாய். அவருக்குத் தெரியாமல் இருந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். கை தானாகச் செய்து செய்து அவருக்கு அது தெரிந்த விஷயம் என்பதே மறந்துபோயிருக்கிறது. ஆனால் உன் கை இடது கை என்பது மட்டும் ஒரு நாளும் மறக்கவில்லை.

"அவகிட்ட ஏன் சொல்லல?"

"அவ கேக்கலையேம்மா."

"கேட்டா. பிளேடு கோளாறான்னு கேட்டா. நான் பக்கத்துல இருந்தேன். கைய மாத்துன்னு சொன்னீங்க."

அந்த வையம்பட்டிப் பெண் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் கோபப்படவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, "போனவளப் பத்தி இப்ப என்ன? வேலையப் பாருங்க" என்றார். அவ்வளவுதான் கிடைத்தது. உன் கையில் கோணல் இல்லை என்று அவர் வாயால் சொல்ல வைக்க என்னால் முடியவில்லை.

வேலை முடிந்ததும் இரண்டு துண்டுகளையும் பைக்குள் போட்டுக்கொண்டு ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி உறையூர். உன் அம்மா கூடத்தில் ஒரு சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தார்கள். "வாம்மா, சாப்பிட்டியா" என்றார்கள். நான் உட்காராமலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். உட்கார்ந்தால் பேசாமல் எழுந்து வந்துவிடுவேன் என்று பயம். பிளேடு, பிசிறு, மரத்தைச் சாய்ப்பது எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகச் சொன்னேன். அவர்கள் ஊசியைச் சேலையில் குத்தி நிறுத்திவிட்டு, துண்டுகளை வாங்கி அந்த வெட்டுகளில் விரலை ஓட்டிப் பார்த்தார்கள்.

"இது ரெண்டும் வலது கையால வெட்டினதா?"

"ஆமாம்மா. என் கைதான்."

"அப்ப அவ கை?"

"அவ கை நல்லாத்தான் இருந்துச்சு. சங்கெல்லாம் அவ அளவுக்கு யாருமே வெட்டல."

அவர்கள் அழுவார்கள் என்று நினைத்தேன். அழவில்லை. துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"சாப்பாட்டுத் தட்டுல அந்தக் கையை வச்சா கரண்டியாலேயே ஒண்ணு போடுவேன். வாங்கிட்டுச் சிரிக்கும். எல்லாரும் சொல்றாங்களேன்னு நானும் அடிச்சேன்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். "இது அந்த ஆளுக்குத் தெரியுமா? பிளேடு இழுக்கும்னு?"

"தெரியும்மா. முன்னாடியே தெரியும்."

துண்டுகளைப் பாதி தைத்த சேலையின் மேல் வைத்தார்கள். "காலைல எத்தனை மணிக்குத் திறப்பாரு?"

"ஒம்போதரைக்கு."

"நானும் வரேன். என் வீட்டுல வந்து சொன்னாரு இல்ல, அவரு பட்டறை வாசல்ல நான் கேக்கறேன். நீ கூட நின்னு பேசுவியா?"

பேசுவேன் என்றேன். யோசிக்காமல்தான் சொன்னேன். வேலை போனாலும் போகலாம்; வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

துண்டுகள் இரண்டையும் அம்மாவிடமே விட்டுவிட்டேன். என்னோடு நான் எடுத்து வந்தது, நீ ஒரு நாளும் படாமல் விட்ட கோபம். என் வாய் வரைக்கும் வருவதெல்லாம் அங்கேயே அடங்கிவிடும் என்று உனக்குத் தெரியும். காலை ஒன்பதரை வரைக்கும் இதை ஆறவிடாமல் வைத்திருக்க வேண்டும்.